இல்லாத பங்குதாரர்கள்

கொழும்பு நீதிமன்றத்தில் ஒரு பெரிய சட்டத்தரணி எழுந்து நின்று, விஜயலெட்சுமி என்று ஒருத்தி கிடையவே கிடையாது என்று நீதிபதியிடம் சொன்னார். அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், பசறைக்கு மேலே நாவலடித் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அந்தக் கிடையாத விஜயலெட்சுமி ஒரு கைக்குழந்தைக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தாள். இன்னொன்று அவள் சேலைத்தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு பால் கேட்டு அழுதது. இல்லாத ஆளிடம் பிள்ளை பால் கேட்டு அழுமா? இந்தக் கேள்வியைக் கேட்கக் கொழும்பில் யாரும் இருக்கவில்லை.

அம்மாமார் தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம்தான் பிள்ளைக்காம்பரா. விஜயலெட்சுமி பிறந்து சில மாதத்தில் அவளுடைய அம்மாவும் அவளை அங்கேதான் ஏணையில் கிடத்திவிட்டுப் போனாள். சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தாள், கணக்கில் கோட்டைவிட்டாள், இரண்டு வருஷம் கொழுந்தெடுத்தாள், பிறகு பழைய ஆயா நின்றுபோகவும் அந்த வேலை இவளுக்கு வந்தது. இப்போது அவள் தூக்கி வளர்த்த பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். புருஷன் இராசையா வெலிமடையில் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றுகிறவன், வாரக் கடைசியில்தான் வீடு. ஒரே மகள் மதுஷா கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். விஜியக்கா என்றுதான் தோட்டம் முழுக்கக் கூப்பிடும். வாய் கொஞ்சம் அதிகம். மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிட்டுப் பிறகு யோசிக்கிற சாதி.

கைச்சல்லி என்ற கம்பனி நாவலடிக்குள் வந்தது மதுஷா மூலமாகத்தான். கொழும்பில் இருக்கிற பிள்ளைகள் போனில் ஒரு செயலியைத் தட்டினால் சல்லி தோட்டத்துக்கு வந்துவிடும். முன்பெல்லாம் அனுப்பிய சல்லியை எடுக்கப் பசறை டவுனுக்குப் போய், வங்கி வரிசையில் நின்று, ஒருநாள் வேலையைத் தொலைக்க வேண்டும். இப்போது விஜியக்காவின் போனுக்கு வரும், அவள் எண்ணிக் கொடுப்பாள். அவர்கள் இருக்கிற தோட்டத்து மேற்பிரிவில் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற ஒரே இடம் பிள்ளைக்காம்பரா வாசல் என்பதால், கம்பனிக்காரர்கள் அவளையே முகவராக்கிவிட்டார்கள். ஒரு ரூபாய் பிசகவில்லை. அதனால் சனம் அந்தக் கம்பனியை நம்பியது. சரியாகச் சொன்னால் கம்பனியை அல்ல, விஜியக்காவை நம்பியது.

ஒருநாள் எல்லார் போனுக்கும் தமிழில் ஒரு செய்தி வந்தது. கைச்சல்லி பங்குச்சந்தைக்கு வருகிறது, இனி நீங்களும் அதன் சொந்தக்காரர் ஆகலாம் என்று.

சொந்தக்காரர்! நாலு தலைமுறையாகத் தேயிலைக்கு நடுவில் கிடக்கிற சனம். செடி கம்பனியுடையது, ரோட்டு கம்பனியுடையது, வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில் படுத்தெழும்புகிற அறை கம்பனியுடையது, அறைக்கு முன்னால் நட்ட கறிவேப்பிலை மரமும் கேட்டால் கம்பனியுடையது. அப்பேர்ப்பட்டவர்களிடம் வந்து ‘சொந்தக்காரர்’ என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? தீபாவளி முற்பணம் கைக்கு வந்திருந்த நேரம். அந்த வருஷம் நாவலடி மேற்பிரிவில் பல வீடுகளில் புதுச்சேலை எடுக்கவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கு வாங்கினார்கள்.

இந்த இடத்தில்தான் விஜியக்கா ஒரு தப்புச் செய்தாள். தோட்டத்தில் வளர்ந்த யாரும் அதைத் தப்பென்றே நினைத்திருக்க மாட்டார்கள். எல்லாருடைய விண்ணப்பத்தையும் அவளே நிரப்பினாள். அடையாள அட்டை நம்பரும் நிவாரணத்துக்கென்று திறந்த வங்கிக் கணக்கும் ஆளுக்கொன்று இருந்தது, சரி. போன் நம்பர் கேட்ட இடத்தில் எல்லாவற்றுக்கும் தன் நம்பரைப் போட்டாள். மற்றவர்களின் போனெல்லாம் புருஷன் கையிலோ மகன் கையிலோ இருந்தது, லயத்தில் சிக்னலும் இல்லை. விலாசம் கேட்ட இடத்தில் எல்லாருக்கும் ஒன்றையே எழுதினாள்: நாவலடித் தோட்டம், மேற்பிரிவு, பசறை. வேறு எதை எழுதுவாள்? லயத்துக்குக் கதவு இலக்கம் கிடையாது. கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசுக்கு வரும், ஆபீசில் நினைவு வந்தால் பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது கொடுப்பார்கள், நினைவு வராவிட்டால் அலுமாரிமேல் கிடக்கும். பிறந்த நாளிலிருந்து அப்படித்தான்.

வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பட்டை நாமம் சாத்திவிட்டார்கள். தோட்டப்புறங்களில் மட்டும் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லித்தான் கைச்சல்லி பங்கு விற்றது. அதில் பாதிக்கு மேல் புளுகு. செத்துப்போனவர்களின் நம்பர், தொலைந்துபோன சிம், ஒரே ஆளைப் பல தடவை எண்ணிய கணக்கு. இது இயக்குநர்களுக்கு முன்பே தெரியும். விஷயம் வெளியே கசியுமுன் தங்கள் பங்குகளை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். கசிந்தபிறகு பங்கின் விலை, ஒரு வாய் வெற்றிலைக்குக்கூடக் காணாது என்ற நிலைக்கு வந்தது.

மேற்பிரிவில் மூன்று ராசம்மா உண்டு. அவர்களில் ஒல்லி ராசம்மா அன்றைக்குப் பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்று சொன்னாள்: “நீ சொன்னேன்னுதானே விஜி போட்டேன். தீவாளிக்குப் பேத்திக்கு ஒரு சட்டை எடுக்கல நான்.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் விஜியக்காவோடு பேசவில்லை. பேத்தியைக் கொண்டுவந்து விடுவாள், அழைத்துப்போவாள், ஒரு வார்த்தை வராது. வைதிருந்தால்கூட விஜியக்கா தாங்கியிருப்பாள்.

ஏமாந்தவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். அவர்கள் ஒன்றுசேர்ந்து கம்பனிமீதும் இயக்குநர்கள்மீதும் கொழும்பில் ஒரே வழக்காகப் போட முடிவெடுத்தார்கள். பதுளையில் அதற்கு ஆள் சேர்த்தவள் கேசினி என்ற இளம் சட்டத்தரணி. அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியராகப் பதுளைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். ஓய்வுபெற்றபோது கிடைத்த காசை அவரும் கைச்சல்லியில் போட்டுத் தொலைத்திருந்தார். கேசினி பிறந்து வளர்ந்தது பதுளையில்தான் என்றாலும் வாயில் வீட்டுத் தமிழ் அப்படியே இருந்தது.

“அக்கா, இப்பிடிக் கூட்டா வழக்குப் போடுறதெண்டால் மொத்தப் பங்குதாரரில நூற்றுக்கு அஞ்சு பேராவது சேரவேணும். கனபேர் பயந்து விலகீட்டினம். உங்கட ஆக்கள் கையெழுத்து வைச்சால்தான் கணக்குச் சரிவரும்,” என்றாள்.

“நாங்க வெச்சா அவங்க பொய் சொன்னாங்கன்னு கோர்ட்டு சொல்லுமா?” என்று கேட்டாள் விஜியக்கா.

“அதுக்குத்தானே அக்கா போறம்.”

“அப்ப வெக்கிறோம்.”

சல்லி திரும்பிவந்தால் நல்லது, வராவிட்டால் என்ன செய்வது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஏமாற்றியது யார் என்று ஒரு நீதிமன்றம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதை ஒல்லி ராசம்மா கேட்க வேண்டும்.

வழக்குக்கு முதல் தவணை வந்தது. கம்பனியின் பெரிய சட்டத்தரணி எழுந்தார். பொய் சொன்னோமா இல்லையா என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை, கெட்டிக்காரர்! நாவலடி மேற்பிரிவு விண்ணப்பங்களைக் கையில் எடுத்தார். பாருங்கள் கனம் நீதிபதி அவர்களே, நாற்பதுக்கும் மேற்பட்ட மனுதாரர்களுக்கு ஒரே விலாசம். ஒரே தொலைபேசி இலக்கம். ஒரே கையெழுத்தில் நிரப்பிய படிவங்கள். ஒரே விலாசத்தில் மூன்று ராசம்மா! இவர்கள் ஆட்களே இல்லை, எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக யாரோ உட்கார்ந்து எழுதிய பெயர்கள். இவற்றை நீக்கினால் மனு சட்டப்படி நிற்காது, தள்ளுபடி செய்யுங்கள் என்றார்.

அன்று மத்தியானம் கேசினி போனில் இதைச் சொன்னபோது விஜியக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு உச்சந்தலைக்குச் சூடேறியது.

“ஏங்க லோயரம்மா, என்னாங்க அநியாயம் இது! இல்லாத ஆளுகள இருக்கு இருக்குன்னு கணக்குக் காட்டிப் பங்கு வித்தவங்க, இருக்கிற எங்களப் பாத்து இல்லைங்கிறாங்களா? அந்த நம்பருக்கு ஒரு போன் போட்டிருந்தா நான் எடுத்திருப்பேன்ல? என் நம்பர்தானே! மூணு ராசம்மா இருந்தா என்னா குத்தம்? கொழும்புல ஒரு ரோட்டுல மூணு பெரேரா இல்லையா?”

“அக்கா, கத்தாதேங்கோ, நான் உங்கட பக்கம். நீதிபதி எங்களுக்கு ஒரு தவணை தந்திருக்கிறார். ஒவ்வொருத்தரும் எங்க இருக்கினம் எண்டு தனித்தனியா நிரூபிக்கச் சொல்லியிருக்கு. அடையாள அட்டையிலயும் அதே விலாசம்தான், அது காணாதாம்.”

மறுநாளே கிராம சேவகரிடம் போனார்கள். நல்ல மனுஷன், எல்லாருக்கும் வதிவிடச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். விலாசம்? நாவலடித் தோட்டம், மேற்பிரிவு, பசறை. அவர் மட்டும் வேறு என்ன எழுதுவார், பாவம். கேசினி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

அடுத்தது தோட்டத்து ஆபீஸ். இன்ன லயத்தில் இத்தனையாவது அறையில் இன்னார் வசிக்கிறார் என்று ஒரு கடிதம், அவ்வளவுதான் கேட்டார்கள். தோட்டத்தை நடத்துகிற துரை வெளியே வரவில்லை. பெரிய கிளாக்கர்தான் ஜன்னலுக்குள்ளிருந்து பேசினார்.

“வேலைக்குப் பேர் பதிஞ்சிருக்குன்னு வேணும்னா எழுதித் தாறேன். இந்த அறையில வசிக்கிறாங்கன்னு எழுதமாட்டோம்.”

“ஏங்க, வசிக்கலையா நாங்க?”

“வசிக்கிறீங்க. அதை எழுதமாட்டோம். இன்னைக்கு எழுதிக் கொடுத்தா, நாளைக்கு வீடு எங்களதுன்னு அதே கடிதத்தத் தூக்கிக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போவீங்க. துரைக்கு மேல கம்பனி இருக்கு, கம்பனி விடாது.”

“அப்ப இருக்கோம், ஆனா எங்க இருக்கோம்னு யாருக்கும் தெரியக்கூடாது. அப்படித்தானேங்க?”

“வாயக் கொறைங்க விஜியம்மா. வேலையில இருக்கிற ஆளு நீங்க,” என்று சொல்லி கிளாக்கர் ஜன்னலைச் சாத்தினார்.

அவர் சொன்னதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கொழும்புக் கம்பனிக்கு இவர்கள் இல்லாதிருந்தால் தன்மேல் போட்ட வழக்கு விழும். தோட்டக் கம்பனிக்கு இவர்கள் குடியிருக்கிறார்கள் என்று எழுதாதிருந்தால் வீடு மிஞ்சும். இரண்டு கம்பனிக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனாலும் என்ன ஒற்றுமை பாருங்கள்!

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் பெண்கள் கூடினார்கள். விஜியக்கா நடந்ததைச் சொன்னாள். கொஞ்ச நேரம் எல்லாரும் ஆளுக்கொன்று பேசினார்கள், அழுதார்கள், துரையையும் கைச்சல்லியையும் மாறிமாறி ஏசினார்கள். அப்போது மேட்டு லயத்து ராசம்மா, “எழுதித் தரமாட்டான்னா நாமளே எழுதிக்குவோம்டி. கதவு நம்ம வீட்டு வாசல்லதானே இருக்கு?” என்றாள்.

திருவிழாவில் தேருக்கு அடித்த சிவப்புப் பெயின்ட் கோயில் சாமான் அறையில் அரை வாளி மிச்சம் இருந்தது. லயங்களுக்கு வரிசையாக ஒன்று, இரண்டு என்று வைத்துக்கொண்டார்கள், அறைகளுக்கு இடமிருந்து வலமாக. அதிலும் முதல் லயம் எது என்று ஒரு பெரிய சண்டை! கோயில் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கோயிலடி ராசம்மா பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் அவளே வென்றாள், ஒன்றின் கீழ் ஒன்று என்ற இலக்கம் அவளுக்கே போனது. விஜியக்காவுக்கு மூன்றாம் லயம், ஐந்தாம் அறை. பங்கு யார் பேரிலோ அவளே தன் கதவில் எழுத வேண்டும் என்று விஜியக்கா சொல்லிவிட்டாள். ஒவ்வொருத்தியும் தன் கையாலேயே எழுதினாள். கோணலும் மாணலுமாக வந்தது, பெயின்ட் வழிந்தது.

லீவில் வந்திருந்த இராசையா வாசலில் நின்று பார்த்தான். “கொழும்புல மந்திரி வீட்டுக்குக்கூட இம்புட்டுப் பெருசா நம்பர் இல்லடி,” என்றான்.

“அவருக்கு வேணாம். அவரு இல்லைன்னு எவனும் சொல்லல,” என்றாள் விஜியக்கா.

கதவில் எழுதியதால் மட்டும் நீதிமன்றம் ஒத்துக்கொள்ளாது என்று கேசினி முன்பே சொல்லியிருந்தாள். படம் எடுத்து அனுப்பலாம், பார்ப்போம், அவ்வளவுதான் நம்பிக்கை. மீதியைத் தோட்டமே செய்துகொடுத்தது.

காவற்காரன் போய்ச் சொல்ல, பெரிய கிளாக்கர் ஓடிவந்தார். சுரண்டி அழியுங்கள் என்றார். யாரும் அசையவில்லை. துரை பொலிசுக்கு முறைப்பாடு எழுதினார்: தோட்டக் கம்பனிக்குச் சொந்தமான கதவுகளுக்கு இன்னின்னார் சேதம் விளைவித்தார்கள் என்று. ஒரு சார்ஜன்ட் வந்து லயம் லயமாக ஏறி இறங்கினார். முறைப்பாடு என்றால் சும்மாவா, ஒவ்வொரு சந்தேக நபரும் யார், எந்தக் கதவு என்று பதிய வேண்டும். அடையாள அட்டையை வாங்கிப் பெயரை எழுதினார். கதவைக் காட்டச் சொன்னார். எந்தக் கதவு என்று எழுத அவருக்கும் வேறு வழி இல்லை, கதவில் இருந்த இலக்கத்தைப் பார்த்து எழுதினார்.

“மூணின் கீழ் அஞ்சு. இது உங்க வீடுதானே?” என்று தனக்கு வந்த தமிழில் கேட்டார்.

“ஆமாங்க, என் வீடுதாங்க. நல்லா எழுதிக்கங்க,” என்றாள் விஜியக்கா. சார்ஜன்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குற்றம் பதிய வந்த இடத்தில் இத்தனை சந்தோஷத்தை அவர் பார்த்திருக்க மாட்டார்.

சில வாரத்தில் பதுளை நீதவான் நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணைகள் வந்தன. ஆபீசுக்கு அல்ல. பொலிஸ்காரர் ஒருவர் கட்டாகக் கொண்டுவந்து, கதவு கதவாக இலக்கத்தைப் பார்த்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். இலக்கம் 3/5, மேற்பிரிவு, நாவலடித் தோட்டம், பசறை. அந்த லயங்களைக் கட்டி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. ஒரு கடிதம், இன்னார் வீடு என்று இலக்கம் போட்டு, ஒரு வாசல்படிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் குற்றம் சாட்டித்தான் வந்தது. இந்த நாட்டில் இந்தச் சனத்தைத் தேடி வர அரசாங்கத்துக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை.

சாயங்காலம் ஒல்லி ராசம்மா பிள்ளைக்காம்பராவுக்கு வந்தாள். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அழைப்பாணையை நீட்டினாள்.

“விஜி, இதுல எம்பேரு எங்க இருக்குன்னு காட்டு.”

விஜியக்கா காட்டினாள். ராசம்மா அந்த எழுத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். “கோர்ட்டுக்கு ஒண்ணாப் போவமா?” என்று கேட்டாள். “போவோம்,” என்று சொல்லி விஜியக்கா அவள் இடுப்பிலிருந்த பேத்தியைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

கேசினி பதுளையில் அழைப்பாணைகளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள். “அக்கா, உங்கட துரை எங்களுக்குச் செய்த உதவி அவருக்கே தெரியாது! இந்த வழக்கில நீங்கள் ஒவ்வொருத்தரும் இன்ன கதவில இருக்கிறியள் எண்டு நீதிமன்றப் பதிவில ஏறினால், அந்தப் பிரதியை நான் கொழும்பில குடுப்பன். பிறகு ஆர் எழும்பி நிண்டு ஆக்கள் இல்லை எண்டு சொல்லுறது?”

ஆனால் கொழும்பில் யாரோ விழித்துக்கொண்டார்கள், அல்லது தோட்டக் கம்பனியின் சட்டத்தரணிக்கே புத்தி வந்தது. தவணைக்கு இரண்டு நாள் முன்னால் பெரிய கிளாக்கர் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். அவர் அங்கே வந்து பார்த்தவர்கள் இல்லை. பிள்ளைகள் மிரண்டு விஜியக்காவின் பின்னால் ஒளிந்தன.

“விஜியம்மா, துரை பெரிய மனசு பண்ணியிருக்காரு. நம்பர அழிச்சிருங்க, முறைப்பாட்டை வாபஸ் வாங்கிருவோம். கேஸ் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“அழிக்கலைன்னா?”

“கோர்ட்டுல குத்தம் நிரூபணமானா, குத்தவாளி கையில பிள்ளைகள விட்டுவைக்க நிர்வாகத்தால முடியாது. அம்புட்டுத்தான் நான் சொல்லலாம்.”

இருபது வருஷ வேலை. அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை. கிளாக்கர் போனபிறகு அவள் நெடுநேரம் ஏணையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், பிள்ளை தூங்கிவிட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. கேசினியும் மறைக்கவில்லை. குற்றம் செய்யவில்லை, சுற்றவாளி என்று சொல்லி இழுத்தடிக்கலாம், சாட்சி இல்லாமல் வழக்கு விழுந்தாலும் விழலாம், ஆனால் அதற்குள் கொழும்புத் தவணை கடந்துவிடும். குற்றவாளி என்றால் அன்றைக்கே பதிவு, அன்றைக்கே தண்டப்பணம், ஆனால் பெயரில் அது நிற்கும். “உங்கட சட்டத்தரணியா இதைச் சொல்லவேண்டியது என்ர கடமை அக்கா. நீங்கள்தான் முடிவெடுக்கவேணும்.”

மேற்பிரிவுப் பெண்கள் மறுபடி கூடினார்கள். குவைத்துக்கு வேலைக்குப் போகப் பதிந்திருந்த சிவசக்தி அழுதாள். பொலிஸ் அறிக்கையில் குற்றம் விழுந்தால் அவள் போக முடியாது, அவள் வீட்டில் அடுப்பெரிய அந்தப் பயணம் ஒன்றுதான் வழி. “நீ அழிச்சிரு புள்ள. நீ ஒருத்தி கொறைஞ்சா கணக்கு விழாது,” என்று விஜியக்காவே மண்ணெண்ணெய்த் துணி கொண்டுபோய் அவள் கதவைத் துடைத்துக் கொடுத்தாள். துடைக்கத் துடைக்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பொய் சொல்லிச் சுருட்டியவன் குளிரூட்டிய அறையில் இருக்கிறான். இங்கே ஒரு பெண் தன் வீட்டுக் கதவு தன்னுடையதில்லை என்று துடைக்க வேண்டியிருக்கிறது. இதைக் கேட்க ஒரு நாதி இல்லையா?

மற்ற யாரும் அழிக்கவில்லை.

இதற்குப் பிறகு கொழும்பில் என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். பதுளைப் பிரதி போய்ச் சேர்ந்ததும் கம்பனியின் பெரிய சட்டத்தரணி அதைப் புரட்டிப் பார்த்து, தம் ஆட்சேபணையை வலியுறுத்தவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. மனு நின்றது, தவணை தவணையாக இன்றும் நடக்கிறது. பிள்ளைக்காம்பராவில் இப்போது வேறு ஆயா. விஜியக்கா ஒல்லி ராசம்மாவோடு மலைக்குப் போகிறாள், இத்தனை வருஷத்துக்குப் பிறகு கூடை தூக்கி முதுகு விட்டுப்போகிறது என்று திட்டிக்கொண்டே போகிறாள்.

ஆனால் பதுளையில் அந்தத் தவணை நாளைச் சொல்லாமல் விடக்கூடாது.

நீதிமன்றத்தின் பின் பெஞ்சுகள் முழுக்க நாவலடிச் சேலைகள். நீதவானுக்குத் தமிழ் தெரியாது. சிங்களத்துக்கும் தமிழுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்க முதலியார் என்று ஒரு நீதிமன்ற உத்தியோகத்தர் இருந்தார். முதலாவதாக விஜியக்காவைத்தான் கூப்பிட்டார்கள். அவள் கூண்டில் ஏறினாள்.

“பெயர்?”

“விஜயலெட்சுமிங்க. இராசையா விஜயலெட்சுமி.”

“விலாசம்?”

ஆயுசில் எத்தனை ஆஸ்பத்திரியில், எத்தனை ஆபீசில் அவளிடம் இதைக் கேட்டிருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் தோட்டத்துப் பேரைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள், மேலே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் இல்லைங்க என்பாள். இப்போது நிமிர்ந்து நின்றாள்.

“மூணின் கீழ் அஞ்சு, மேற்பிரிவு, நாவலடித் தோட்டம், பசறை.”

நீதவான் எழுதினார். முதலியார் குற்றப்பத்திரிகையை வாசித்தார். தோட்டக் கம்பனிக்குச் சொந்தமான கதவொன்றில் அனுமதியின்றி வர்ணம் பூசிச் சேதம் விளைவித்தமை. செய்தேன் என்றால் குற்றவாளி, செய்யவில்லை என்றால் சுற்றவாளி, ஒரே ஒரு சொல் போதும் என்று கேசினி வழியெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தாள். மேலே ஒன்றும் பேசவேண்டாம் அக்கா, தயவுசெய்து, என்றும் கெஞ்சியிருந்தாள்.

“குற்றவாளியா, சுற்றவாளியா?”

“குத்தவாளிங்க. நான்தான் எழுதினேன்,” என்றாள் விஜியக்கா. கேசினி மூச்சு விட்டாள். விஜியக்கா முடிக்கவில்லை. “ஆனா கதவு அவங்களுது இல்லைங்க. அது என் வீட்டுக் கதவு.”

முதலியார் நீதவான் பக்கம் திரும்பி, குற்றவாளி என்கிறார் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுத்தார்.

சிங்களம் அவளுக்கு நன்றாகவே விளங்கும். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“பாதியத்தான் சொன்னீங்க ஐயா. மிச்சத்தையும் சொல்லுங்க.”